சப்பாத்தியை நிறுத்தியாயிற்று, பெருங்காய டப்பாவைப் பார்த்தீர்களா?

கேள்வி: டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். மகளுக்கு 14 வயது. வயதுக்கேற்ற உயரமில்லை, இன்னும் பெரியவளாகவில்லை. ஒரு வருடமாக இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் ஹீமோகுளோபின் 8-ஐத் தாண்டவில்லை. ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி, பயாப்சி எல்லாம் பார்த்துவிட்டு சீலியாக் நோய் என்றார்கள். ஆயுளுக்கும் கோதுமை கூடாதாம். எங்கள் வீட்டில் முக்கால்வாசி அரிசிச் சாப்பாடுதான், சப்பாத்தியையும் நிறுத்திவிட்டோம். நான்கு மாதம் ஆகியும், இந்த நோய்க்காக ரத்தத்தில் பார்க்கும் டிடிஜி அளவு அசையவில்லை. அவளுக்கு வயிற்றுவலி, பேதி எதுவும் கிடையாது. எப்போதாவது கொஞ்சம் சாப்பிட்டால் என்ன? கப்ளி கோதுமை கொடுக்கலாம் என்கிறார் ஒருவர். புற்றுநோய் வரும் என்று பயமுறுத்துகிறார் இன்னொருவர். 9 வயது மகனுக்கும் இப்போதே நிறுத்திவிடலாமா?

பதில்: நான்கு மாதத்தில் டிடிஜி முழுக்க இறங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. பலருக்கு ஒரு வருடம், அதற்கு மேலும் ஆகும். ஆனால் படிப்படியாகக் குறைந்துகொண்டு வர வேண்டும். அசையவே இல்லை என்றால் எந்த வழியாகவோ கோதுமை இன்னும் அவள் தட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன். தமிழ் வீடு என்றால் முதலில் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்.

சுத்தமான பெருங்காயம் ஒரு செடியின் பிசின். அப்படியே பயன்படுத்த முடியாத அளவுக்குக் காரமும் நெடியும் உள்ளது. அதனால் மாவும் கோந்தும் சேர்த்துப் பிசைந்துதான் விற்கிறார்கள். கூட்டுப் பெருங்காயம் என்பது இதுதான். கட்டியோ தூளோ, பெரும்பாலான டப்பாக்களில் அந்த மாவு கோதுமை மாவு அல்லது மைதா. பொடி எழுத்தில் பின்பக்கம் போட்டிருக்கும். 'ஸ்டார்ச்' என்று மட்டும் போட்டு எதிலிருந்து எடுத்தது என்று சொல்லவில்லையா, அந்த டப்பா வேண்டாம்.

ஒரு சிட்டிகைதானே என்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த நோயில் குடலைக் கெடுப்பது கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்கிற புரதம். சீலியாக் உள்ளவர் ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் குளூட்டன் வரை தாங்கலாம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. தினமும் 50 மில்லிகிராம் போனால் மூன்றே மாதத்தில் குடல் கெடத் தொடங்குவது ஆய்வில் தெரிந்திருக்கிறது. 30 கிராம் மாவில் செய்த ஒரு சப்பாத்தியில் குளூட்டன் சுமார் 3,000 மில்லிகிராம். அதை முந்நூறு துணுக்காகப் பிய்த்தால் ஒரு துணுக்குதான் உங்கள் மகளின் ஒரு நாள் வரம்பு. கால் கிராம் பெருங்காயத்தூளில் பாதி மாவு என்று வைத்துக்கொண்டாலே 12 மில்லிகிராம் ஆகிறது. சாம்பாரை நான்கு பேர் பங்கிட்டுச் சாப்பிடுகிறீர்கள், சரி. அதே நாளில் ரசத்திலும் பெருங்காயம், மோரிலும், ஊறுகாயிலும், ராத்திரி இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் மிளகாய்ப்பொடியிலும். ஊரிலிருந்து பாட்டி கட்டி அனுப்பும் மோர்மிளகாய், வடகம், சாம்பார்பொடி எல்லாவற்றிலும் அதே டப்பாப் பெருங்காயம்தான். அந்த வருடத்துப் பொட்டலங்கள் அத்தனையையும் அவளுக்கு நிறுத்திவிடுங்கள்.

விலக்கு ஒன்று உண்டு. அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு பலர் ஏமாறுகிறார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கிடைக்கிறது. ஆனால் அரிசி மாவு என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. அதே இயந்திரத்தில் காலையில் கோதுமைக் கலவை ஓடியிருக்கலாம். 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட்டு, எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணும் இருக்கிற டப்பாவைத்தான் வாங்க வேண்டும். சட்டப்படி அப்படி அச்சிட, ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் குளூட்டன் இருக்க வேண்டும். பழைய டெல்லி மசாலாச் சந்தையான காரி பாவ்லியில் உதிரியாகக் கிடைக்கும் 'அசல் ஹீங்' (பெருங்காயம்) வேண்டாம். கடைக்காரர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று அவருக்கே தெரியாது. பால் பெருங்காயம் என்று பிசுபிசுப்பாக விற்பதும் அப்படித்தான், கை ஒட்டாமலிருக்க எந்த மாவில் புரட்டியதோ? நல்ல டப்பா கிடைக்கும்வரை பெருங்காயமே இல்லாமல் சமையுங்கள். ரசத்துக்குப் பூண்டும் சீரகமும் போதும்.

அடுத்த ஓட்டை, தெருமுனை மாவு மில். நாள் முழுக்க கோதுமை அரைக்கும் டெல்லி சக்கியில் உங்கள் கேழ்வரகைக் கொட்டினால், கல்லிலும் குழாயிலும் தங்கியிருக்கும் ஆட்டாவோடுதான் அது வெளியே வரும். 'உங்களுக்காகத் துடைத்துவிட்டு அரைக்கிறேன்' என்பது பேச்சுக்குத்தான், அந்தக் கல்லைத் துடைக்க முடியாது. கடலை மாவு, அரிசி மாவு, நவராத்திரிக்கு விற்கும் குட்டு ஆட்டா (பக்வீட் மாவு), சிங்காடா ஆட்டா (நீர்ச்சிங்காரக் கொட்டை மாவு) எல்லாமே இயல்பில் குளூட்டன் இல்லாதவை. உதிரியாக வாங்கினால் அந்த நம்பிக்கை போய்விட்டது. தானியத்தை முழுதாக வாங்குங்கள். முறத்தில் பரப்பி விரலால் தள்ளித் தள்ளிப் பாருங்கள். தனியாவிலும் உளுந்திலும் ஒன்றிரண்டு கோதுமை மணி அகப்படுவது உண்டு. பொறுக்கி, கழுவி, உலர்த்தி வீட்டு மிக்சியிலேயே அரையுங்கள். ஆட்டா சலித்த சல்லடையை அந்த மாவுக்குத் தொடக் கூடாது. அதன் வலைக்கண்ணில் இருக்கும் மாவு எத்தனை கழுவினாலும் போகாது.

தோசைக்கல், மரக்கரண்டி, இடியாப்ப அச்சு மூன்றும் அவளுக்குப் புதிதாகத் தனியே வேண்டும். எவர்சில்வர் பாத்திரங்களை நன்றாகத் தேய்த்தாலே போதும். பூரி பொரித்த எண்ணெயில் அவளுக்கு அப்பளம் பொரிக்காதீர்கள். ரவை, சேமியா, மைதா, சம்பா ரவை எல்லாமே கோதுமைதான். 'ரவைதானே, கோதுமை இல்லையே' என்று கேட்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். மால்ட் பானங்களில் பார்லி இருக்கிறது, வேண்டாம். ஓட்ஸும் வேண்டாம். ஓட்டலில் ரவா தோசை ஊற்றிய கல்லிலேயே சாதா தோசையும் ஊற்றுவார்கள். முறுகலுக்காக மாவில் மைதா சேர்க்கும் இடங்களும் உண்டு. கோவில் பிரசாதம் சர்க்கரைப் பொங்கலா, வெண்பொங்கலா என்று கேளுங்கள். வெண்பொங்கலில் பெருங்காயம் இருக்கும்.

கப்ளிக்கு வருகிறேன். அதுவும் கோதுமைதான், பழைய ரகம். அதில் குளூட்டன் இருக்கிறது, உங்கள் மகளின் குடலை அதே மாதிரி தாக்கும். ஒரு நோயாளிக் குழந்தையின் தாயிடம் இதை விற்கிறவர் மீது எனக்குக் கோபம்தான் வருகிறது. 'இந்த என்சைம் கேப்ஸ்யூலைப் போட்டுக்கொண்டு பீட்சா சாப்பிடலாம்', 'தொண்ணூறு நாளில் குடலைச் சரிசெய்து கோதுமையைத் திரும்பக் கொடுப்போம்' என்று போனில் பேசும் ஆலோசகர்களும் இதே கூட்டம்தான். சீலியாக்குக்கு இன்றுவரை ஒரே சிகிச்சை குளூட்டனை ஆயுள் முழுக்க விலக்குவது. இருநூறு உணவுகளுக்கு ஒவ்வாமை பார்க்கிறோம் என்று ஆயிரக்கணக்கில் வாங்கும் ஐஜிஜி பரிசோதனைக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பணத்துக்கு நல்ல தோசைக்கல் வாங்குங்கள்.

வலி இல்லையே என்கிறீர்கள். இந்த நோயில் வலியை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. சிறுகுடலின் உட்பக்கம் தேங்காய்ப்பூத் துண்டு மாதிரி பூவிழை பூவிழையாக இருக்கும். அந்தக் குடலுறிஞ்சிகள் வழியாகத்தான் சத்து உள்ளே போகிறது. குளூட்டன் வந்தால் உடலின் எதிர்ப்புச் சக்தியே அந்த இழைகளை மழித்து வழவழப்பாக்கிவிடுகிறது. இரும்புச்சத்து உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கத்தில், முதலில் அடிபடுவதும் அதே இடம். ஒரு வருடம் மாத்திரை கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறாததற்குக் காரணம் இதுதான். கால்சியமும் வைட்டமின் டி-யும் இதேபோலக் குறைவதால் எலும்பு மெலிகிறது, உயரம் நிற்கிறது, பூப்பு தள்ளிப்போகிறது. கண்டுகொள்ளாமல் விட்டால் பின்னாளில் கரு தங்குவதிலும் சிக்கல் வரலாம். தைராய்டு கோளாறும் முதல் வகை சர்க்கரை நோயும் இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். தைராய்டை வருடம் ஒருமுறை பாருங்கள். புற்றுநோய் என்று சொல்வது சிறுகுடலில் வரும் ஒருவகை லிம்போமாவை. அது மிக அரிது. குடல் ஆறினால் அந்த அபாயமும் குறைகிறது. அவளிடம் அதைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். இப்போது உங்களுக்கு அவசரம் வேறு: எலும்பு முனைகள் மூடிக்கொள்ளும் முன் குடல் ஆறினால்தான் விட்ட உயரத்தைப் பிடிக்க முடியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் நிறுத்தி உயரத்தைக் குறித்து வையுங்கள். ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு), வைட்டமின் டி, பி12 மூன்றையும் கேட்டுப் பாருங்கள். பால் குடித்து வயிறு உப்பினால் சில மாதம் தயிராகக் கொடுங்கள். குடல் ஆறியதும் பெரும்பாலும் பாலும் ஒத்துக்கொள்ளும்.

'இது பஞ்சாபிக்காரர்கள் நோய், நமக்கு எப்படி?' என்று உறவினர்கள் கேட்பார்கள். நாட்டின் மூன்று பகுதிகளில் நடத்தி 2016-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய ஒரே அளவில், மூன்றில் ஒருவருக்கு மேல் இருந்தது. நோயோ வடக்கில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு, தெற்கில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒருவருக்கு. வடக்கில் ஒருவர் தினமும் சாப்பிட்ட கோதுமை சராசரி 455 கிராம், தெற்கில் 25 கிராம். டெல்லிக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பம் நம் மரபணுவோடு வடக்கின் தட்டில் சாப்பிடுகிறது.

இதையெல்லாம் பயாப்சி முடிவைக் கையில் கொடுத்த அன்றே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். நடப்பதென்ன? 'கோதுமை பந்த்' என்று சீட்டில் ஒரு வரி, அடுத்த டோக்கன். ஆயுள் முழுக்க உணவே மருந்து என்கிற ஒரு நோய்க்கு இரண்டு நிமிடம் ஒதுக்கினால், மிச்சத்தைக் கப்ளி விற்பவர்தான் சொல்லித்தருவார். இத்தாலியில் சீலியாக் நோயாளிகளுக்கு மாதாமாதம் குளூட்டன் இல்லாத உணவு வாங்க அரசே பணம் தருகிறது. இங்கே சாதாரண ஆட்டாவைவிடப் பல மடங்கு விலை கொடுத்து குளூட்டன் இல்லாத மாவை நாமே வாங்குகிறோம். அதை வாங்காவிட்டால் குறை ஒன்றுமில்லை. இட்லி, இடியாப்பம், கம்பங்கூழ், கேழ்வரகு அடை தெரிந்த உங்களுக்கு அந்தச் செலவு தேவையே இல்லை.

மகனைப் பற்றி. தயவுசெய்து இப்போது நிறுத்தாதீர்கள். கூடப்பிறந்தவர்களுக்கும் பெற்றோருக்கும் இந்த நோய் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அவனுக்கும் உங்கள் இருவருக்கும் டிடிஜி ஐஜிஏ, கூடவே மொத்த ஐஜிஏ (ரத்தத்தில் அந்த வகை எதிர்ப்புப் பொருளின் மொத்த அளவு), இரண்டையும் பார்க்க வேண்டும். கோதுமையை நிறுத்தியபின் பார்த்தால் நோய் இருந்தாலும் 'இல்லை' என்று வரும்; பிறகு மறுபடி வாரக்கணக்கில் கோதுமை கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். வீட்டில் ஆட்டா பிசைந்தால் மாவு பறந்து மகளின் தட்டில் விழும் என்பதால், அவனுக்குக் கடை பிரெட்டாக வாங்கி, தனித் தட்டில் கொடுங்கள். வெண்ணெய் டப்பாவில் அவன் கத்தி படக் கூடாது. ரத்தம் எடுத்துவிட்டார்களே என்று அன்றே நிறுத்திவிடவும் வேண்டாம். முடிவு பாசிட்டிவாக வந்தால் பயாப்சி தேவையா என்று மருத்துவர் முடிவு செய்து, அதுவும் முடியும்வரை அவன் தினமும் பிரெட் சாப்பிடட்டும்.