மூண்டு தரம் தள்ளிப்போன தாடை ஒப்பரேசன்: "விட்டிடட்டா அக்கா?"

கேள்வி: அக்கா, எனக்கு 25 வயசு, கொட்டாஞ்சேனையில இருக்கிறன். சின்ன வயசில இருந்தே கீழ்த்தாடை முன்னுக்குத் தள்ளி நிக்குது. ரெண்டு வருசத்துக்கு மேல பிரேஸ் போட்டிருக்கிறன், ஒப்பரேசனுக்கு ரெடி எண்டு சொல்லியே ஒரு வருசமாகுது. மூண்டு தரம் திகதி தந்து மூண்டு தரமும் நடக்கேல்ல. முதல் தரம் வாட்டில அட்மிட் ஆகி ராத்திரியில இருந்து பச்சத்தண்ணியும் குடிக்காம இருந்து, அடுத்த நாள் பின்னேரம் ரெண்டு மணிக்கு "ஐ.சி.யு. கட்டில் இல்ல, வீட்ட போங்கோ" எண்டாங்க. அடுத்த தரம் எனக்குத் தடிமன். மூண்டாவது தரம் முதல் நாள் போன் வந்துது, தியேட்டர் இல்லையாம். ஒபிசில திரும்பத் திரும்ப லீவு கேட்க வெட்கமா இருக்கு. பேர்த்டே எண்டு ரோல்ஸ் தந்தா முன்பல்லால கடிக்க ஏலாது, பான்ட்ரிக்குள்ள போய் பிச்சுப் பிச்சுத்தான் தின்னுவன். அம்மா "கடவுளே மூண்டு தரம் தடுத்திட்டார், முந்தின முகமே நல்லா இருந்துது, கம்பியக் கழட்டிப் போட்டு கலியாணத்தப் பார்" எண்டு சொல்றா. விட்டிடட்டா அக்கா?

பதில்: தங்கச்சி, விட்டிடாதீங்கோ. ஏன் எண்டு சொல்றன், ஆனா அதுக்கு முதல் அந்தப் பின்னேரம் ரெண்டு மணியப் பற்றி ஒண்டு சொல்லோணும். ராத்திரி முழுக்க வயித்தக் காயப்போட்டு, கவுன் போட்டு, கையில பேர் எழுதின பட்டியும் கட்டி, இப்ப கூப்பிடுவாங்க இப்ப கூப்பிடுவாங்க எண்டு கதவையே பாத்துக்கொண்டு இருந்திட்டு, வீட்ட போங்கோ எண்டா அது சும்மா ஏமாற்றம் எண்டு விடுற விசயமில்ல. ஒப்பரேசனுக்கு வேண்டிய தைரியம் முழுக்கவும் அண்டைக்கே செலவழிஞ்சு போச்சு, ஒப்பரேசன் மட்டும் நடக்கேல்ல. அடுத்த தரம் அந்தத் தைரியத்த முதல்ல இருந்து சேர்க்கோணும். மூண்டு தரம் அப்பிடிச் சேர்த்த பிள்ளை நீங்க. களைச்சுப் போனதுக்கு உங்களில ஒரு பிழையும் இல்ல.

இப்ப அம்மா சொன்ன அந்த "முந்தின முகமே நல்லா இருந்துது" எண்ட கதை. அம்மாட கண் பொய் சொல்லேல்ல, உண்மையிலயே தாடை முந்தியவிட இப்ப கூடுதலாத் தள்ளித் தெரியுதுதான். கீழ்த்தாடை முன்னுக்கு வளர்ந்த ஆக்களுக்கு பல்லு தானாவே ஒரு சமாளிப்புச் செய்யும், மேல்பல்லு வெளிப்பக்கம் சரியும், கீழ்ப்பல்லு உள்பக்கம் சரியும், ரெண்டும் ஒண்ட ஒண்டு தேடிப் போற மாதிரி. அதால உள்ளுக்கு இருக்கிற எலும்பு வித்தியாசம் பாதி மறைஞ்சிருக்கும். ஒப்பரேசனுக்கு முதல் போடுற பிரேஸ் அந்தச் சரிவ எடுத்து பல்ல அதது எலும்புக்கு மேல நேரா நிப்பாட்டுது, அப்பதான் டொக்டர் தாடைய நகர்த்தேக்க பல்லு சரியாப் பொருந்தும். அந்த வேலை முடியேக்க மறைஞ்சிருந்த இடைவெளி முழுசா வெளிய வந்திடும், கடி முந்தியவிட மோசமாத்தான் இருக்கும். வழக்கமா இதுக்கு 12 தொடக்கம் 18 மாசம் போகும், அதோட நேரா தியேட்டருக்குப் போனா ஆரும் பெரிசாக் கவனிக்க மாட்டினம். உங்கள அந்த இடத்தில கொண்டுபோய் நிப்பாட்டிப் போட்டு ஒரு வருசம் காக்க வச்சிருக்கு, ஆத்தின்ர நடுவில ஓடம் நிண்ட மாதிரி. இப்ப கம்பியக் கழட்டினா அம்மா நினைக்கிற அந்தப் பழைய முகம் திரும்பி வராது, ஆக மோசமான கடியோட நிண்டிடுவீங்க. அதாலதான் முதல் வரியிலயே விட்டிடாதீங்கோ எண்டு எழுதினன். பிறகும் விடத்தான் வேணும் எண்டு நினைச்சா அது உங்கட உரிமை, ஆனா கம்பி போட்ட டொக்டரோட இருந்து கதைச்சு, பல்ல எந்த நிலைக்குக் கொண்டுவந்து நிப்பாட்டலாம் எண்டு கேட்டு செய்யுங்கோ, கோவத்தில ஒரு நாள் போய்க் கழட்டாதீங்கோ.

என்ட அக்காட மகனுக்கும் இதே ஒப்பரேசன்தான். அவனுக்கு 2020 ஏப்ரலில திகதி, மார்ச் 20 ஊரடங்கு போட்டாங்க, அதோட எல்லாம் நிண்டுது. பிறகு ஒருக்கா திகதி வந்து வாட்டில கொரோனா எண்டு தள்ளினாங்க, பிறகு டொக்டர் மாறினார், கடைசியா நடக்கேக்க 2021 முடியப் போகுது. அந்த ஒண்டரை வருசத்தில அவன் என்ன செய்தான் தெரியுமா, ஒண்டும் செய்யேல்ல. எல்லாத்துக்கும் "ஒப்பரேசன் முடியட்டும்". கோர்ஸ் ஒப்பரேசன் முடியட்டும், ஐ.டி. கார்ட் படம் ஒப்பரேசன் முடியட்டும், பள்ளிக்கூடத்தில இருந்து கூட வந்த சிநேகிதன்ட கலியாணத்துக்கும் போகேல்ல, படத்தில விழவேணும் எண்டு. இப்ப தாடையெல்லாம் வடிவா இருக்கு, ஆனா அந்த ஆல்பத்தில அவன் இல்ல, அதச் சொல்லேக்க இப்பவும் அவன்ட குரல் இறங்கும். திகதி தள்ளிப்போனது ஆஸ்பத்திரிட கையில இருந்தது, மற்றதெல்லாம் அவன்ட கையில இருந்தது. அதால உங்களிட்டக் கேக்கிறன், அந்தத் திகதிக்குப் பின்னால நீங்க என்னென்னத்த அடுக்கி வச்சிருக்கிறீங்க எண்டு ஒருக்கா இருந்து யோசியுங்கோ, அதில ஒண்ட ரெண்ட இந்த மாசமே முன்னுக்கு எடுங்கோ. கலியாணப் பேச்சும் அப்பிடித்தான், பிடிச்சா இப்பவே பேசலாம், "எனக்கு ஒரு ஒப்பரேசன் இருக்கு" எண்டு நேரா சொல்லி. அதக் கேட்டு ஓடுற மாப்பிள்ளை ஓடட்டும்.

ஏன் தள்ளுறாங்க எண்டது விளங்கினா கோவம் போகாது, ஆனா "என்னைக் கணக்கெடுக்கேல்ல" எண்ட எண்ணம் கொஞ்சம் குறையும். தாடை அறுவை செய்யிற அதே டொக்டர்மார்தான் வீதி விபத்தில உடைஞ்ச தாடையையும் பாக்கிறது, வாய்ப் புற்றுநோயையும் பாக்கிறது. வெத்திலை பாக்குப் போடுற எங்கட நாட்டில ஆம்பிளையளுக்கு ஆகக் கூட வாற புற்றுநோய்களில வாய்ப் புற்றுநோயும் ஒண்டு, அந்த ஆளுக்கு ரெண்டு மாசம் தள்ளினா அது உயிர்க் கணக்கு. உங்கட ஒப்பரேசன் முடிய வாய்க்குள்ளயும் தொண்டைப் பக்கமும் வீங்கும், மூச்சுப் பாதையக் கவனிக்க முதல் ராத்திரி ஐ.சி.யு. கட்டில் தேவைப்படலாம், அது இல்லாம தொடங்கிறது உங்களுக்குத்தான் ஆபத்து. தடிமனுக்கும் அப்பிடித்தான். பல்லு பொருந்துதோ எண்டு பாத்துப் பாத்துச் செய்யோணும் எண்டதால மயக்க மருந்துக் குழாய வாயால விடாம மூக்கால விடுவாங்க, மூக்கடைச்சு சளியோட போனா அது பெரிய பிரச்சினை. அதால அண்டைக்கு நீங்க ஒண்டையும் கெடுக்கேல்ல, உங்களப் பாதுகாத்திருக்கினம். இதுக்கு மேல 2022 நெருக்கடியில மருந்துத் தட்டுப்பாடு வந்ததும் டொக்டர்மார் கனபேர் நாட்டை விட்டுப் போனதும் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

அதுக்காகப் பேசாம வீட்ட இருங்கோ எண்டு சொல்லேல்ல, பேசாம இருக்கிற ஆள்ட கொப்பிதான் அடியில போகும். அடுத்த கிளினிக் நாளில போய் கொஞ்சம் நிண்டு கேளுங்கோ: என்ட பேர் லிஸ்டில இன்னும் இருக்குதா, தள்ளினபிறகு திரும்பக் கடைசியில போட்டிருக்கா அல்லது முன்னுக்கா, முதல் எடுத்த பல்லு அச்சும் எக்ஸ்ரேயும் இன்னும் செல்லுமா. கடைசிக் கேள்வி முக்கியம், ஏனெண்டா ஒப்பரேசன் நேரம் பல்லுக்கு இடையில வைக்கிற பிளாஸ்டிக் தட்டு அந்த அச்ச வச்சுத்தான் செய்யிறது, ஒரு வருசத்தில பல்லு ஒரு மயிரளவு அசைஞ்சாலும் அந்தத் தட்டு பல்லில சரியாப் பொருந்தாது, திரும்ப அச்சு எடுக்கோணும், அத ஒப்பரேசனுக்கு ரெண்டு நாளைக்கு முதல் கண்டுபிடிச்சா நாலாவது தரமும் தள்ளும். இன்னொண்டு, நீங்க கொட்டாஞ்சேனை. பதுளையில இருந்தோ வவுனியாவில இருந்தோ வாற ஆளுக்கு நாளைக்கு வாங்கோ எண்டா ஏலாது, உங்களுக்கு ஏலும். "ஆரும் வராம விட்டா எனக்கு போன் பண்ணுங்கோ, ஒரு நாள் போதும், நான் வருவன்" எண்டு சொல்லி கொப்பியில நம்பரோட எழுதிவிடச் சொல்லுங்கோ. கிளினிக்கில ஆறுதலாக் கதைக்க நேரம் கிடைக்காட்டி டொக்டர ஒருக்கா பிரைவேட்டில சனல் பண்ணி, காசு கட்டிப் போய் கேட்கிறதிலயும் பிழையில்ல, லிஸ்டில முந்திறதுக்கு எண்டு நினைச்சுப் போகாதீங்கோ, பத்து நிமிசம் முகம் பாத்துக் கதைக்கிறதுக்கு. பிரைவேட்டில செய்யிற யோசனை வந்தா மோதிரத்த அடகு வைக்க முதல் எல்லாச் செலவையும் எழுத்தில வாங்குங்கோ, தியேட்டர், எலும்பில பூட்டுற தகடு, ஐ.சி.யு., பிறகு பிரேஸ் பாக்கிற செலவு எல்லாம் சேர்த்து.

ஒபிசுக்கு இனித் திகதி சொல்லாதீங்கோ. கிளினிக்கில ஒரு கடிதம் வாங்கி மனேஜரிட்ட ஒரே தரமாச் சொல்லுங்கோ, "நான் ஒப்பரேசன் லிஸ்டில இருக்கிறன், திகதி மாறும், வரேக்க மூண்டு நாலு கிழமை லீவு தேவைப்படும்" எண்டு. வீட்டுப் பக்கமும் ரெண்டு பேருக்கு மட்டும் திகதி தெரிஞ்சாக் காணும். தள்ளிப்போன பிறகு வாற அந்தப் பதினைஞ்சு போன் இருக்குதே, "என்ன பிள்ளை, முடிஞ்சுதா?" எண்டு, ஒவ்வொண்டுக்கும் விளக்கம் சொல்லிச் சொல்லித்தான் ஆள் உடையிறது.

உடம்பையும் பல்லையும் கவனியுங்கோ, தள்ளிப்போற நாளில ஆகக் கெடுறது அதுதான். பிரேஸ் கனகாலம் இருந்தா பிரக்கெட்டச் சுத்தி வெள்ளைத் திட்டு விழும், அது பல்லு கரையத் தொடங்கின அடையாளம், முரசும் வீங்கும். கம்பிக்கு இடையில போற அந்தச் சின்ன பிரஷ் வாங்கி ராத்திரியில கட்டாயம் தேயுங்கோ, கம்பி பாக்கிற நாள விடாதீங்கோ. இரத்தம் ஒருக்கா செக் பண்ணுங்கோ, ஹீமோகுளோபின் குறைவு எண்டு வந்து அதாலயும் தள்ளின பிள்ளையள் இருக்கினம். சோறு திண்ட கையோட பிளேன்டீ குடிக்கிற பழக்கம் எங்கள் எல்லாருக்கும் இருக்கு, அது சாப்பாட்டில இருக்கிற இரும்புச்சத்த உடம்பு எடுக்க விடாது, ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கோ.

அம்மாவ வையாதீங்கோ. அம்மாவுக்கு ஒப்பரேசன் எண்டாலே பயம், அந்தப் பயத்துக்குக் கடவுள்ட பேர் வச்சிருக்கிறா, அவ்வளவுதான். அடுத்த கிளினிக்குக்கு கையோட கூட்டிக்கொண்டு போங்கோ, எக்ஸ்ரேயக் காட்டி டொக்டரையே விளங்கப்படுத்தச் சொல்லுங்கோ. இது இண்டைக்கு நேற்று வந்த பரிசோதனையில்ல, வாய்க்குள்ளால வெட்டி கீழ்த்தாடைய ரெண்டு பக்கமும் பிரிச்சு நகர்த்திற முறைய ஒப்வெகேசர் எண்ட டொக்டர் 1957லயே ஆங்கிலச் சஞ்சிகையில எழுதி உலகத்துக்குக் காட்டிட்டார், வழக்கமா முகத்தில வெளியில பெரிய வெட்டுத் தழும்பும் வராது எண்டு சொல்லுங்கோ. கீழ் உதடும் நாடியும் கொஞ்ச மாசம் விறைச்சிருக்கும், சிலருக்கு கொஞ்சம் நிரந்தரமாயும் இருந்திடும், அதையும் மறைக்காம அம்மாவுக்கு முன்னாலயே டொக்டரிட்டக் கேளுங்கோ. பிறகு ஒரு செவ்வாக்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாருக்கு ரெண்டு பேருமாப் போங்கோ, எந்தச் சமயமெண்டாலும் பரவாயில்ல, அங்க வாற பாதிச் சனம் அப்பிடித்தான். தடுக்கச் சொல்லிக் கும்பிடாம நல்லா நடக்கச் சொல்லி அம்மா ஒரு மெழுகுதிரி கொளுத்தட்டும்.

நித்திரை வராம, ஆரோடயும் கதைக்கப் பிடிக்காம, இருந்து என்னத்துக்கு எண்ட மாதிரி யோசனை வந்தா ஒரு நாளும் தனிய வச்சிருக்காதீங்கோ, தேசிய மனநல உதவி இலக்கம் 1926, அதுக்கு எடுங்கோ. தாடைக்கு எண்டு போய் இதச் சொல்றதா எண்டு கூச்சப்படத் தேவையில்ல.

நாலாவது திகதி வரும். வந்தா வாட்டுக்குப் போற பையில ஒரு வாசிக்கிற புத்தகமும் லிப் பாமும் வையுங்கோ, உதடு காஞ்சு வெடிக்கும். ராத்திரியில இருந்து பட்டினி எண்டு பொதுவாச் சொல்லிவிடுவாங்க, ஆனா சாப்பாட்டுக்கு ஆறு மணித்தியாலம், வெறும் தண்ணிக்கு ரெண்டு மணித்தியாலம் எண்டுதான் மயக்க மருந்துக்காரர்ட வழக்கமான கணக்கு. காலமை பத்து மணியாகியும் கூப்பிடேல்ல எண்டா பேசாமக் கிடக்காதீங்கோ, நேர்ஸ் மிஸ்ஸக் கூப்பிட்டு "மிஸ், என்ட முறை எத்தனை மணிக்கு, நான் ரெண்டு வாய் தண்ணி குடிக்கலாமா எண்டு டொக்டரிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ" எண்டு கேளுங்கோ. அவ கேட்டுச் சொல்லாம குடிக்காதீங்கோ, ஆனா கேட்காமலும் இருக்காதீங்கோ. முடிஞ்சு வாய் திறக்க ஏலும் எண்டு வந்தபிறகு எனக்கு நாலு வரி எழுதிப் போடுங்கோ, நான் பாத்துக்கொண்டிருப்பன்.