தவளை மாதத்தில் காகித வாத்து

அன்புள்ள ஐயா,

நான் சஸ்கட்டூனில் ஒரு சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறேன். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் கனடாவின் பூர்வகுடிகளில் ஒருவரான கிரீ மக்களின் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மூன்று, நான்கு வயது. ஏப்ரல் கடைசியில் அவர்களுக்காக ஒரு வசந்த விழா வைக்கும்படி நிலையத்தில் சொல்லியிருக்கிறார்கள். காகிதத்தில் காட்டு வாத்து செய்வது, பத்து கிரீ சொற்கள், கிரீ மரபுக் கதைகளில் வரும் குறும்புக்கார நாயகன் வீசகேசாக்கின் கதை ஒன்று, பிள்ளைகளின் பெயரைக் கிரீ எழுத்தில் எழுதிக் காட்டுவது என்று திட்டம் போட்டிருக்கிறேன். சொற்களை இணையத்தில் எடுத்துவிட்டேன். ஒரு தமிழ்ப் பெண் இதைச் செய்வது சரியா? எந்தச் சொல்லில் தொடங்கலாம்?

த., சஸ்கட்டூன்

அன்புள்ள த.,

கொஞ்ச நாளாகவே பள்ளிக்கூட நாள்காட்டியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு உடனே பதில்.

தமிழ்ப் பெண் செய்யலாமா என்பதை விடுங்கள். பிள்ளைகள் உங்கள் கையில் இருக்கிறார்கள், செய்யத்தான் வேண்டும். எழுத்து இப்போது வேண்டாம். ஒரே வடிவத்தை நான்கு பக்கமும் திருப்பினால் உயிரொலி மாறும் என்பது அழகான ஏற்பாடுதான், எழுத்துப் பைத்தியங்களான நமக்குப் பிடிக்கும். நான்கு வயதுப் பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது?

ஆனால் அந்த வீசகேசாக் கதை! ஏப்ரல் கடைசியிலா சொல்லப்போகிறீர்கள்? அந்தக் கதைகள் தரையில் பனி கிடக்கும் காலத்துக்கு உரியவை. பனி போனதும் நிறுத்திவிட வேண்டும், அடுத்த குளிரில்தான் மறுபடி எடுக்க வேண்டும். இதைச் சொல்லித்தர ஒரு கிரீப் பாட்டி போதும். பண்பாட்டைக் கற்பிக்கிறேன் என்று கிளம்பி, அதன் வாசற்படியிலேயே தடுக்கி விழுகிறீர்களே. உங்கள் ஊரில் ஏப்ரலிலும் பனி கொட்டுமே என்று எனக்கு எழுதாதீர்கள், அந்த வக்கீல் வாதத்தைப் பாட்டியிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

இதில் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. கிரீ மக்களின் ஆண்டில் ஆறு பருவங்கள். நமக்கும் ஆறுதானே என்று மகிழ அவசரப்படாதீர்கள், அவர்களுடைய கணக்கு வேறு. வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்ற நான்கோடு, ஆற்றுப் பனி உடைகிற காலமும் ஆறு உறைகிற காலமும் தனிப் பருவங்கள். ஏன் தனி? அந்த வாரங்களில் பனிக்கட்டி ஆளைத் தாங்காது, படகையும் விடாது. இருந்த இடத்தில் இருக்க வேண்டியதுதான். எங்கே தங்குவது, எதைச் சேர்த்து வைப்பது, எது ஆபத்து என்பதெல்லாம் அந்தப் பருவங்களின் பெயரோடு பிள்ளைக்கு வந்து சேரும்.

இதைத்தான், பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைக்க அரசும் தேவாலயங்களும் நடத்திய விடுதிப் பள்ளிகள் அறுத்தன. கனடா முழுவதும் ஏறத்தாழ 150,000 பூர்வகுடிப் பிள்ளைகள் அந்தப் பள்ளிகளுக்குள் போனார்கள், கடைசிப் பள்ளி மூடியது 1990களின் பிற்பகுதியில். சொந்த மொழியைப் பேசியதற்கு அடி விழுந்ததை எல்லாரும் எழுதுகிறார்கள், எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பள்ளிகளின் நாள்காட்டியைப் பாருங்கள். இலையுதிர் தொடக்கத்தில் பிள்ளையைக் கொண்டுபோவார்கள், வீட்டுக்கு அனுப்பினால் கோடையில்தான். ஆறு உறைவதை அந்தப் பிள்ளை தன் ஆட்களோடு பார்த்ததில்லை. பொறி வைக்கும் காலம் இல்லை, கதை சொல்லும் காலம் இல்லை, வாத்து வரும் காலமும் இல்லை. ஆறு பருவத்தில் ஒன்றுதான் மிச்சம். அடிக்காமலே விட்டிருந்தாலும் அந்த மொழியில் பேச அவர்களுக்கு என்ன மீந்திருக்கும்?

நாள்காட்டியால் போனது நாள்காட்டியால்தான் திரும்ப வரும். கியூபெக்கில் ஜேம்ஸ் விரிகுடாவின் கிழக்குக் கரைக்குப் போங்கள். அரசுகளோடு செய்த 1975 ஒப்பந்தத்தில் கிரீ மக்களுக்குத் தங்கள் பள்ளிகளை நடத்தும் உரிமை கிடைத்தது. (மின்சாரத்துக்காக அவர்களுடைய ஆறுகளை எடுத்துக்கொண்டு கொடுத்த உரிமை, தானம் ஒன்றுமில்லை.) 1978இல் கிரீ பள்ளி வாரியம் வந்தது. நாள்காட்டியை வகுக்கும் அதிகாரமும் அவர்களிடம். இன்றைக்கு அங்கே வசந்தத்தில் வாத்துகள் வடக்கே வரும்போது ஏறத்தாழ இரண்டு வாரம் பள்ளியையே மூடிவிடுகிறார்கள். 'கூஸ் பிரேக்', அதாவது வாத்து விடுமுறை என்பார்கள். குடும்பம் குடும்பமாகக் காட்டு முகாமுக்குப் போகிறார்கள். ஊசியிலைக் கொப்புகள் பரப்பிய கூடாரத் தரை, இறகு பிடுங்கும் பெண்கள், நெருப்புக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்கிச் சுழன்று வேகும் வாத்து. சுழற்சி நின்றால் யாராவது முறுக்கிவிட வேண்டும். அதைச் சின்னவனிடம் சொல்வார்கள், கிரீயில் சொல்வார்கள். அவன் முறுக்குவான்.

அதே கரையில் நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு ஒரு சடங்கு உண்டு. அதுவரை அதன் கால் கூடாரத்துக்கு வெளியே தரையில் படக்கூடாது. விடியற்காலையில் கையைப் பிடித்து முதன்முறையாக வெளியே நடத்திப்போவார்கள். பையனிடம் பொம்மைத் துப்பாக்கி, பெண் பிள்ளையிடம் சின்னக் கோடரி. ஒரு மரத்தைச் சுற்றிவிட்டு, வேட்டையோ விறகோ கொண்டுவந்ததாக உள்ளே இருக்கும் பெரியவர்களிடம் கொடுக்க வேண்டும். பெரியவர்கள் கட்டியணைத்து வாங்கிக்கொள்வார்கள். இது பாவனைதான், காகித வாத்தும் பாவனைதான். ஆனால் இந்தப் பிள்ளை கொண்டுவந்ததை வாங்கிக்கொள்ள உள்ளே ஆள் இருக்கிறது.

உங்களை மட்டும் ஏன் திட்டுவது? நம்மவர்கள் டொரொன்டோவில் பொங்கல் வைக்கிறோமே, அதைச் சொல்கிறேன். ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கூடத்துக்குள் அடுப்பு பற்றவைத்தால் தீ எச்சரிக்கை மணி அடிக்கும் என்பதால், வீட்டிலேயே பொங்கிய சோற்றைப் பானையில் போட்டு மேடையில் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் சுற்றி நின்று "பொங்கலோ பொங்கல்" என்று மனப்பாடமாகக் கத்தினார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற சிறுமி தன் அம்மம்மாவிடம், "எது பொங்குது?" என்று கேட்டாள். அம்மம்மா என்னைப் பார்த்தார், நான் பானையைப் பார்த்தேன். வெளியே வாகனத் தரிப்பிடத்தில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கி, பனியைத் தள்ளிவிட்டு அடுப்பு வைத்திருக்கலாம். குளிர் என்றார்கள். குளிராம்! கிரீ ஆட்கள் நாட்டில் இருந்துகொண்டு.

சரி, உங்கள் விழாவுக்கு வருகிறேன். உங்கள் பக்கத்துச் சமவெளிக் கிரீ மக்களின் மாதக் கணக்கில் வாத்து மாதம் மார்ச், ஏப்ரல் தவளைக்கு உரியது. ஆகவே காகிதத்தையும் கத்தரிக்கோலையும் உள்ளே வையுங்கள். பிள்ளைகளைப் பக்கத்துக் குட்டைக்குக் கூட்டிப்போய்த் தவளைச் சத்தம் கேட்க வையுங்கள். முதல் சொல் எது என்று அங்கே தெரிந்துவிடும், அதையும் நீங்கள் சொல்லக்கூடாது. ஒரு கோக்கம் சொல்ல வேண்டும். அவர்கள் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. இணையத்தில் எடுத்த பத்துச் சொற்களை அவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். ஒரு வட்டாரத்தார் 'ய' சொல்லும் இடத்தில் இன்னொரு வட்டாரத்தார் 'ன' என்பார்கள், 'ல' என்பார்கள். எந்த ஊர்ச் சொல்லை எடுத்து வைத்திருக்கிறீர்களோ!

வீசகேசாக் கதையை டிசம்பருக்குத் தள்ளுங்கள். கோக்கமை ஒரு நாள் விருந்தாளியாகக் கூப்பிட்டுப் படம் எடுத்து அனுப்பிவிடாமல், வாரா வாரம் வரச் சொல்லுங்கள். கேட்கப் போகும்போது வழக்கப்படி புகையிலை கொண்டுபோய்க் கொடுத்துக் கேளுங்கள். அதோடு நிறுத்தாமல் உங்கள் மேலாளரிடம் போய் அவருக்கு மணிக்கணக்கில் சம்பளம் போடச் சொல்லுங்கள். விழாவுக்கு என்று ஒதுக்கிய பணம் இருக்குமே, அதிலிருந்து தொடங்கட்டும்.