தேய்ந்த ஓதோவும் தெளிவான ஓதோவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பண்டைய ரோமானிய நாணயங்களைச் சேர்க்கத் தொடங்கி எனக்கு மூன்றாண்டுகள் ஆகின்றன. தொடக்கத்தில் கான்ஸ்டன்டைன் காலத்துச் சிறு வெண்கலக் காசுகளையே, எழுத்துத் தெளிவாக உள்ளவையாகப் பார்த்து வாங்கினேன். அண்மையில் பேரரசர் ஓதோவின் வெள்ளி தெனாரியஸ் ஒன்று கிடைத்தது. முகம் மழுங்கிவிட்டது, ஓரத்து எழுத்துகளில் பாதி இல்லை. அதைப் பார்த்த நண்பர், செல்லாக்காசுக்கு இவ்வளவு செலவா என்று கேலி செய்கிறார். இப்போது ஒருவர், அதே ஓதோவின் பெரிய வெண்கல செஸ்டெர்ஷியஸ் ஒன்றை, ரோம் நகரில் அடித்தது, ஓர் எழுத்துகூடக் குறையாதது என்று சொல்லி, என் வெள்ளிக் காசையும் கொஞ்சம் பணத்தையும் பெற்றுக்கொண்டு தர முன்வருகிறார். மாற்றிக்கொள்ளலாமா? அல்லது வெள்ளிக் காசைச் சுத்தம் செய்து நானே வைத்துக்கொள்ளட்டுமா?

தங்கள் வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

மாற்றிக்கொள்ள வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உங்கள் நண்பரின் கேலியைப் பார்ப்போம்.

ஓதோ கி.பி. 69 ஜனவரி 15 முதல் ஏப்ரல் 16 வரை, ஏறத்தாழ மூன்று மாதமே ஆண்டார். அவர் இறந்த பிறகும் அவருடைய வெள்ளி, வெள்ளி என்பதற்காகவே பல தலைமுறைகள் கைமாறியது. தேய்ந்துபோன பழைய காசுகளையெல்லாம் உருக்கும்படி பின்னாளில் பேரரசர் டிராஜன் ஆணையிட்டதாக வரலாற்றாசிரியர் காசியஸ் தியோ எழுதியிருக்கிறார். அந்த உலைக்கும் தப்பி, இன்று உங்கள் கைக்கு வந்து சேர்ந்திருக்கும் காசில் முகம் மழுங்கியிருப்பது குறையன்று; அது பணமாகப் புழங்கியது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. செல்லாக்காசு தேயாது.

ஆனால் தேய்ந்த அரிய நாணயம் எல்லாமே வாங்கத் தக்கது என்று நான் சொல்ல மாட்டேன். நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: எந்த அம்சம் ஒரு நாணயத்தை அரியதாக்குகிறதோ, அந்த அம்சம் அதில் மிஞ்சியிருக்க வேண்டும். ஓதோவின் காசுக்கு அருமை தருவது அவருடைய முகமும் பெயரும். மேசை விளக்கைத் தாழ்த்தி, ஒளி பக்கவாட்டில் காசின் மேல் படும்படி வைத்து மெல்லத் திருப்பிப் பாருங்கள். நெற்றிக்கு மேல் வரிசை வரிசையாக அடுக்கிய சுருள்முடி தெரியும். ஓதோ பொய்முடி அணிந்தவர் என்று ரோமானிய எழுத்தாளர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். அந்தச் சுருள்களின் ஒழுங்கு வேறு பேரரசர்களின் தலையில் எளிதில் காணக் கிடைக்காது. அதோடு பெயரில் இரண்டு மூன்று எழுத்துகளின் அடிப்பகுதி தட்டுப்பட்டால் போதும். எஞ்சிய எழுத்துகள் இருந்திருக்க வேண்டிய இடத்தை, அட்டவணை நூலில் உள்ள படத்தோடு ஒப்பிட்டு நீங்களே நிரப்பிவிடலாம்.

இதற்கு மாறாக, நான்காம் நூற்றாண்டு வெண்கலக் காசுகளில் பலவற்றுக்கு, அடியில் உள்ள அக்கசாலைக் (நாணயம் அடிக்கும் சாலை) குறியின் ஓர் எழுத்தோ ஒரு புள்ளியோ மட்டுமே அருமையைத் தருகிறது. அந்த இடம் அரிக்கப்பட்டிருந்தால், முகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது சாதாரணக் காசுதான். 1923இல் வெளிவரத் தொடங்கிய ரோமானியப் பேரரசு நாணய அட்டவணையில் காணும் அருமைத் தரங்களையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அவை பெரும்பாலும் பெரிய அருங்காட்சியகத் தொகுப்புகளில் எத்தனை காசுகள் இருந்தன என்பதைச் சொல்பவை. பின்னர் கிடைத்த புதையல்கள் பல தரங்களைப் பொய்யாக்கிவிட்டன.

மோசமான நிலையில் உள்ள காசு வரலாற்றையே திருத்திய கதைகளும் உண்டு. 1900ஆம் ஆண்டளவில் பிரான்சில் கிடைத்த ஒரு காசில் தொமிதியானுஸ் என்ற பெயரில் ஒரு பேரரசர் இருந்தார். மூன்றாம் நூற்றாண்டில் அப்படி ஒருவர் ஆண்டதாக வேறு காசு எதுவும் காட்டாததால், அதைப் போலி என்று ஒதுக்கி வைத்தார்கள். 2003இல் இங்கிலாந்தின் சால்க்ரோவில் ஒரு பானைப் புதையல் வெளிப்பட்டது. சுமார் 5,000 காசுகள் களிம்பேறி, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகக் கிடந்தன. அவற்றைப் பிரித்தபோது அதே பெயருடைய, அதே அச்சில் அடித்த இன்னொரு காசு வந்தது. ஒரு நூற்றாண்டாகப் போலியாக இருந்த ஆள் ஒரே நாளில் மெய்யாகிவிட்டார். மாற்றுக் குறைந்த, அழகில்லாத காசுதான் அது.

சேதமே செய்தியாகும் காசுகள் இன்னொரு வகை. கி.பி. 9இல் ஜெர்மானியக் காடுகளில் மூன்று லெஜியன்களோடு (பெரும் படையணிகள்) அழிந்த ரோமானியத் தளபதி வாருஸின் மேல்முத்திரை, அதாவது அடித்த காசின் மேல் பிறகு குத்தும் முத்திரை, பதிந்த செப்புக் காசுகள் ஜெர்மனியின் கால்க்ரீசேயில் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அந்தப் போர்க்களம் எது என்ற விவாதத்தில் அவை முக்கியச் சாட்சிகள். ஹிஸ்பானியாவின் (இன்றைய ஸ்பெயின் பகுதி) பில்பிலிஸ் நகரக் காசுகளில், பேரரசர் திபேரியுஸின் வலக்கையாக இருந்து கி.பி. 31இல் வீழ்ந்த செயானுஸின் பெயர் உளியால் சிதைக்கப்பட்டவை உண்டு. முழுப் பெயரோடு உள்ள காசையும் சிதைந்த காசையும் அருகருகே வைத்தால், என் கை சிதைந்த காசுக்குத்தான் போகும்.

சுத்தம் செய்வதைப் பொறுத்தவரை, நான் கெடுத்த ஒரு காசைச் சொல்லிவிடுகிறேன். கால் நாட்டில் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) கி.பி. 269இல் ஆண்ட பேரரசர் மாரியுஸின் அந்தோனினியானுஸ் என்ற வெள்ளிப் பூச்சுக் காசு ஒன்றைப் பச்சை படிந்திருக்கிறதே என்று எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டேன். காலையில் பச்சையோடு அதில் மிச்சமிருந்த மெல்லிய வெள்ளிப் பூச்சும் எழுத்தும் போயிருந்தன. புள்ளி புள்ளியாகக் குழிந்த சிவந்த செம்பு மட்டும் இருந்தது. இரண்டு மூன்று நாளே ஆண்டதாகப் பழைய நூல்கள் சொல்லும் ஒருவர், மாதக்கணக்கில் ஆண்டிருக்க வேண்டும் என்று காட்டுவதே அவருடைய காசுகளின் எண்ணிக்கைதான். அதில் ஒன்றை நான் குறைத்துவிட்டேன். உங்கள் வெள்ளிக் காசைத் தொடவே வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீர் போதும். வெண்கலக் காசில் மட்டும் விழிப்பாக இருங்கள்: கெட்டியான கரும்பச்சைக் களிம்பு காசைக் காக்கும், ஊசி பட்டால் பொடியாக உதிரும் வெளிர்பச்சை, குளோரைடு தந்த நோய். ஈரக்காற்று பட்டால் அது காசைத் தின்னும். அப்படிப்பட்டதைத் தனியாகப் பிரித்து, சிலிக்கா ஜெல் இட்ட உலர்ந்த பெட்டியில் வையுங்கள். பிவிசி உறைகள் எந்தக் காசுக்கும் ஆகா.

இனி அந்த செஸ்டெர்ஷியஸ். ரோம் அக்கசாலை ஓதோவுக்குப் பொன்னும் வெள்ளியும் மட்டுமே அடித்தது. வெண்கலம் அடிக்கவே இல்லை. அவர் பெயரில் உள்ள வெண்கலம் அந்தியோக்கியா போன்ற கிழக்கு நகரங்களுடையது. அது வேறு தோற்றம். ரோமின் பெரிய வெண்கல ஓதோ வேண்டும் என்று சேகரிப்பாளர்கள் ஏங்கியதால்தான், பதினாறாம் நூற்றாண்டில் பதுவா நகரத்து ஜொவான்னி தா கவீனோ அப்படி ஒன்றைச் செய்தார். அதிலிருந்து வார்த்த படிகள் இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கின்றன. அந்த மனிதர் தருவதாகச் சொல்வதில் ஓர் எழுத்துகூடத் தேயாதிருப்பதில் வியப்பில்லை. அது எந்த ரோமானியக் கடைக்காரனின் கையையும் கண்டதில்லை.

அன்புடன்.