பெட்டியில் 1000 அடி, குழலில் எத்தனை?

கேள்வி: வணக்கம் சார். சேலம் அழகாபுரத்தில் இருக்கிறோம். மகளின் பயிற்சிக்காக குழலை மடித்து லோடு செய்கிற ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் ஒன்று வாங்கினேன், 4.5 மி.மீ. பெட்டியில் நொடிக்கு 1000 அடி என்று போட்டிருக்கிறது. நண்பர் ஒருவர் கணக்குப் போட்டுப் பார்த்து, 'இது 20 ஜூல் ஆற்றலைத் தாண்டுகிறது, லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் மாட்டிக்கொள்வாய்' என்கிறார். இன்னொரு குழப்பமும் உண்டு. வீட்டில் குறிபார்க்கும் சைட்டைச் சரிசெய்துவிட்டு ஏற்காட்டில் மாமனாரின் காபித் தோட்டத்துக்குக் கொண்டுபோனால், அதே 10 மீட்டரில் பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) ஒன்றரை விரற்கடை மேலே போகிறது. மலைக்காற்றில் வேகம் கூடுமா? உண்மையான வேகத்தை வீட்டிலேயே அளக்க வழி உண்டா, குரோனோகிராஃப் என்கிற வேகம் அளக்கும் கருவியை வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: நண்பர் போட்ட கணக்கில் தப்பில்லை, எடுத்துக்கொண்ட எடைதான் தப்பு. நொடிக்கு 1000 அடி என்பது சுமார் 305 மீட்டர். பெல்லட்டின் எடையைக் கிலோவில் எடுத்து, அதில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஆற்றல் வரும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 0.53 கிராம் ஈய பெல்லட்டைப் போட்டால் 24.6 ஜூல். உரிமம் தேவையில்லாத ஏர் ரைஃபிளுக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் வைத்திருக்கும் வரம்பு 4.5 மி.மீ. குழல், 20 ஜூல். நண்பர் பயந்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் பெட்டியில் போடும் எண்ணை ஈய பெல்லட்டால் எடுக்கும் வழக்கம் குறைவு. ஈயம் கலக்காத, இறகுபோல லேசான அலாய் பெல்லட்டைப் போட்டுச் சுட்டுப் பார்த்து, வந்ததில் நல்ல எண்ணை அச்சடிப்பார்கள். அந்த ரகம் 0.33 கிராம் அளவில் இருக்கும். அதே 1000 அடிக்கு இப்போது கணக்குப் போட்டால் 15.3 ஜூல்தான். அதே ஆற்றலை 0.53 கிராம் ஈயத்துக்குக் கொடுத்தால் நொடிக்கு 240 மீட்டர், அதாவது 790 அடிக்குச் சற்றுக் கீழே. பெட்டியில் இருப்பது பொய் என்று சொல்ல மாட்டேன், பைக் விளம்பரத்தில் போடும் மைலேஜ் மாதிரி. நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய எண் ஒன்றுதான்: 0.53 கிராம் பெல்லட்டுக்கு 20 ஜூல் என்பது நொடிக்கு 275 மீட்டர். அதற்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பார்ப்பதற்கு முன்னால் எடை போடுங்கள். டப்பாவின் மேல் 8.2 கிரெயின் என்று இருந்தால் அது 0.53 கிராம், ஆனால் மலிவான டப்பாக்களில் உள்ளே இருப்பது அதேதானா என்பது திறந்தால்தான் தெரியும். இதில் சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறவர் யாரையாவது தெரிந்தால், அவர் தராசில் 20 பெல்லட்டை மொத்தமாக வைத்து நிறுத்து 20-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பத்து பெல்லட்டை ஒவ்வொன்றாக வையுங்கள். ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் காட்டினால் அந்த டப்பாவை வைத்து எதையும் அளக்க வேண்டாம்.

சரி, வேகம். கையில் இருக்கும் போனே போதும். வெடிச் சத்தத்துக்கும் இலக்கில் அடிக்கும் சத்தத்துக்கும் இடையே உள்ள நேரத்தைப் பதிவு செய்தால், தூரத்தை அதனால் வகுக்க வேண்டியதுதான். பலர் போனைச் சுடுபவர் பக்கத்திலேயே வைத்துவிடுவார்கள். இலக்கில் பட்ட சத்தம் திரும்பி வர 10 மீட்டருக்கு 28, 29 மில்லிநொடி ஆகும், அதையும் சேர்த்து அளந்துவிட்டு 'என் துப்பாக்கி இவ்வளவு மெதுவா' என்று கவலைப்படுவார்கள். அதைக் கழிக்கலாம், ஆனால் ஒலியின் வேகம் வெப்பத்தோடு மாறும். சேலத்து மே மாத 38 டிகிரியில் நொடிக்கு 354 மீட்டர், ஏற்காட்டுக் காலையின் 15 டிகிரியில் 340. இதை மறந்தால் விடையில் இரண்டு மூன்று சதவீதம் பிசகும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் போனை நடுவில் வையுங்கள். குழல் வாயிலிருந்து இலக்குவரை ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, அதை இரண்டாக மடித்தால் நடுப்புள்ளி கிடைத்துவிடும். அந்த இடத்துக்கு நேர் பக்கவாட்டில், பெல்லட் போகும் பாதையிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, ஒரு ஸ்டூலில் போன். இரண்டு சத்தமும் ஒரே தூரம் நடந்து வருவதால் ஒலியின் பயண நேரம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். வெயிலோ குளிரோ கணக்கில் வராது. 10 மீட்டரை டேப்பால் குழல் வாயிலிருந்து அளக்க வேண்டும், உங்கள் கால் நிற்கும் கோட்டிலிருந்து அல்ல. பத்து சென்டிமீட்டர் பிசகினால் விடையில் ஒரு சதவீதம் போய்விடும்.

இலக்கு சத்தம் போட வேண்டும், ஆனால் பெல்லட்டைத் திருப்பி அனுப்பக் கூடாது. கனமான இரும்புத் தகடு வேண்டவே வேண்டாம், ஈயம் தெறித்துக் கண்ணுக்கு வரும். ஒரு அட்டைப் பெட்டியில் பழைய துணியை இறுக்கி அடைத்து, முன்னால் பிஸ்கட் டின் மூடியை ஒட்டிக்கொள்ளுங்கள். மூடியைத் துளைக்கும்போது 'டக்' என்று கேட்கும், பெல்லட் துணிக்குள் அடங்கிவிடும். பெட்டிக்குப் பின்னால் செங்கல் சுவர் இருக்கட்டும். மகளுக்கும் உங்களுக்கும் கண்ணாடி, போனில் ஒலி குறைப்பு வசதி எதுவும் ஓடாமல் சாதாரண ரெக்கார்டர். பதிவை ஆடாசிட்டி மாதிரி ஏதாவது இலவசச் செயலியில் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள்.

தடுக்கி விழும் இடம் இங்கேதான். ஸ்பிரிங் ரைஃபிளில் டிரிகர் விழுந்ததும் முதலில் சின்னதாக ஒரு 'க்ளிக்' அலை வரும். பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை அமுக்கி, பெல்லட் குழலை விட்டு வெளியேற அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு மில்லிநொடி ஆகலாம். அந்த க்ளிக்கைத் தொடக்கமாக எடுத்துக்கொண்டால் வேகம் இருபது சதவீதம்கூடக் குறைந்து தெரியும். நானும் ஆரம்பத்தில் இப்படித்தான் ஏமாந்து, நல்ல துப்பாக்கி ஒன்றின் ஸ்பிரிங்கை வீணாகக் கழற்றிப் பார்த்தேன். பெரிய அலை சட்டென்று மேலெழும் இடத்திலிருந்து, மூடியின் அலை எழும் இடம்வரை அளக்க வேண்டும்.

ஒரு எடுத்துக்காட்டு. இடைவெளி 46 மில்லிநொடி என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டரை 0.046-ஆல் வகுத்தால் 217. இது வழியெல்லாம் சேர்ந்த சராசரி. தட்டை மூக்கு பெல்லட் 10 மீட்டருக்குள் தன் வேகத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இழந்துவிடும். ஆகவே குழல் வாயில் இருந்தது இதைவிட சுமார் ஐந்து சதவீதம் கூடுதல், 228 என்று கொள்ளலாம். 0.53 கிராமுக்கு 13.8 ஜூல், அடிக்கணக்கில் சொன்னால் 750-க்குப் பக்கம். உங்கள் ரைஃபிளும் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் வரும் என்று நினைக்கிறேன். இந்த அளவு உங்கள் நிம்மதிக்குத்தான், காவல் நிலையத்தில் காட்டும் சான்றாக அதை நினைக்காதீர்கள். வாங்கிய பில்லையும் ஆற்றலைக் குறிப்பிடும் தாளையும் பத்திரமாக வையுங்கள். அளவு 20-ஐ நெருங்கினால் தாமதிக்காமல் காவல்துறையின் உரிமப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

போன் மேல் நம்பிக்கை வராதவர்களுக்கு 1742-இலேயே பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் வழி சொல்லிவிட்டார்: குண்டை ஊஞ்சலில் சுடுவது. பெயின்டர்கள் பூசும் புட்டிப் பசையை அடைத்த அரைக் கிலோ டப்பாவை ஒரு மீட்டர் நூல்களில் தொங்கவிட்டால், 170 மீட்டர் வேகத்தில் வரும் 0.53 கிராம் பெல்லட் அதை ஐந்தே முக்கால் சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளும். மகளுக்கு இயற்பியல் பாடமாகவும் ஆகும். மற்றபடி போனைவிடத் துல்லியம் இல்லை.

குரோனோகிராஃப் வாங்கலாமா என்றால், ஒரு துப்பாக்கிக்காக வேண்டாம். நாலு பேர் சேர்ந்து பயிற்சி செய்கிற இடமாக இருந்தால் ஒன்று வாங்குங்கள். இரண்டு ஒளி உணரிகள் 30 செ.மீ. இடைவெளியில் இருக்கும். பெல்லட்டின் நிழல் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக, 200 மீட்டர் வேகத்தில், ஒன்றரை மில்லிநொடி. அது எவ்வளவு சின்ன வேலை என்று தெரிந்தால், ஏன் இவ்வளவு எளிதில் ஏமாறுகிறது என்பதும் புரியும். எங்கள் வீட்டு மாடி அறையில் டியூப் லைட் வெளிச்சத்தில் முதன்முதலாக வைத்தபோது ஒரு ஷாட் 96, அடுத்தது 412 என்று காட்டியது. நம் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது, கருவி அதை நிழல் என்று எண்ணிக்கொள்கிறது. பேட்டரி டார்ச்சை வெள்ளைத் தாளுக்குப் பின்னால் வைத்ததும் சரியாகிவிட்டது. வெளியில் என்றால் நேர் வெயில் பெல்லட்டின் அடிவயிற்றில் பளபளத்துக் கெடுக்கும், மேகமூட்டம்தான் நல்லது. அதற்காக ஏற்காட்டு மூடுபனிக்குள் கொண்டுபோய் வைக்காதீர்கள். குழல் வாயிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும், இல்லாவிட்டால் புகையும் காற்றும் பெல்லட்டுக்கு முன்னால் போய் எண்ணைத் தட்டிவிடும். ரேடார் வகைக் குரோனோகிராஃபுக்கு வெளிச்சத் தொல்லை இல்லை.

எதில் அளந்தாலும் ஒரு ஷாட்டை நம்பாதீர்கள். புது ஸ்பிரிங் ரைஃபிளில் காற்றை அமுக்கும் அறைக்குள் இருக்கும் எண்ணெய், பிஸ்டன் அமுக்கும் சூட்டில் பற்றிக்கொள்ளும். புகை வரும், கருகல் வாசனை வரும், வேகமும் தாறுமாறாக ஏறும். அது அடங்கும்வரை சில நூறு பெல்லட் சுட்டுவிட்டு அளவெடுங்கள். பெல்லட் போடாமல் மட்டும் டிரிகரை அழுத்தாதீர்கள், பிஸ்டன் சீல் போய்விடும். பத்து ஷாட்டை வரிசையாகக் குறித்து, அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். மகள் போட்டிக்குப் போகப்போகிறாள் என்றால் சராசரியைவிட எனக்கு அந்த வித்தியாசம்தான் முக்கியம். 10 மீட்டர் போட்டி ரைஃபிள்களே 170, 175 மீட்டரில்தான் சுடுகின்றன. 228-இல் சுட்டு நாலு மீட்டர் முன்பின் ஆனால் பரவாயில்லை, பதினைந்து மீட்டர் ஆடினால் சீலையோ பெல்லட்டையோ சந்தேகப்படுங்கள்.

இப்போது மலைக்கு வருவோம். சேலம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குள், ஏற்காடு 1500 மீட்டர். காற்றின் அடர்த்தி மேலே பத்துப் பதினொரு சதவீதம் குறைவு. பெல்லட்டைப் பிடித்து இழுக்கும் காற்று குறைவதால் போகும் வழியில் வேகம் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் உங்களுடையது ஸ்பிரிங் ரைஃபிள். அது அமுக்குவதும் அதே மெல்லிய காற்றைத்தான், புறப்படும் வேகம் சற்றுக் குறையும். குளிரில் கிரீஸ் கெட்டியாகிப் பிஸ்டனை இழுப்பது தனி. (கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் பிஸ்டல் என்றால் கதை வேறு: கீழே வெயிலில் துள்ளும், மேலே மார்கழியில் முனகும்.)

ஒரு பேச்சுக்கு, வேகம் இரண்டு சதவீதம் மாறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் போவதற்குள் பெல்லட் ஒரு சென்டிமீட்டர் அளவுதான் கீழே இறங்குகிறது. அதில் இரண்டு சதவீத வேக மாற்றம் செய்யும் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஒன்றரை விரற்கடை எங்கே, அரை மில்லிமீட்டர் எங்கே! மலைக்காற்று இதில் நிரபராதி.

நான் சந்தேகப்படுவது இரண்டு பேரை. ஸ்பிரிங் ரைஃபிள் பிடிக்கும் விதத்துக்கு ரொம்ப ரோஷப்படும். வீட்டில் மேஜை மேல் துணி மூட்டையில் வைத்து சைட் சரிசெய்துவிட்டு, தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் முட்டுக்கொடுத்துச் சுட்டால் பெல்லட் வேறு இடத்துக்குத்தான் போகும். இரண்டு இடத்திலும் அதே மூட்டை, அதே பிடி என்று வைத்து ஒருமுறை சுட்டுப் பாருங்கள். அப்போதும் மேலே போனால் இரண்டாவது ஆள், குறிபார்க்கும் ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்து வைக்கும் மவுண்டின் ஸ்க்ரூ. இருபது கொண்டை ஊசி வளைவு, டிக்கியில் உருண்டுகொண்டு ஒரு ரைஃபிள். அடுத்த முறை கிளம்புவதற்கு முன் ஆலன் கீயால் எல்லாவற்றையும் இறுக்கி, ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலிருந்து மவுண்ட் வரைக்கும் மகளின் நெயில் பாலிஷால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். மாமனார் வீட்டில் போய் இறங்கியதும், சுடுவதற்கு முன்னால், அந்தக் கோடு உடைந்திருக்கிறதா என்று பாருங்கள்.