கோணல் முத்தும் ‘பரோக்’ சோபாவும்

கேள்வி: மகளின் திருமணத்துக்கு முத்துமாலை வாங்கச் சௌகார்பேட்டைக்குப் போயிருந்தோம். கடைக்காரர் கோணல்மாணலான முத்துகளை எடுத்துக் காட்டி, “இது பரோக்” என்றார். தண்டையார்பேட்டையில் பார்த்த மண்டபத்திலோ, மணமேடைக்குத் தங்க வண்ணம் பூசிய ‘பரோக் சோபா’ போடுவதாகச் சொன்னார்கள். பாக் என்னும் ஜெர்மானியரின் இசையையும் என் மகன் பரோக் என்கிறான். மூன்றும் ஒரே சொல்தானா?
— ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: ஒரே சொல்தான். மூவரில் அதன் பழைய பொருளுக்கு மிக நெருங்கி வழங்கியவர் நகைக்கடைக்காரர். வடிவம் ஒழுங்கற்ற முத்தைப் போர்ச்சுகீசியர் ‘பர்ரோக்கோ’ என்றனர். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் நம்மிடம் வந்தது. தருக்க நூலார் ஒருவகை வாதத்துக்கு இட்ட பெயரே மூலம் என்பாரும் உண்டு. முத்தின் பக்கமே நானும் நிற்கிறேன்.

சிப்பியின் மெல்லுடலுக்குள் எப்பக்கமும் தடையின்றிப் படலம் படலமாக வளரும் முத்து உருண்டையாகிறது. சிப்பி ஓட்டோடு ஒட்டியோ தசையில் நெருக்குண்டோ வளர்வது கோணிக்கொள்கிறது. தட்டு ஒன்றைச் சற்றே சாய்த்து இரண்டையும் விட்டுப் பாருங்கள்: ஆணிமுத்து ஓடிவிடும், பரோக் முத்து பாதி வழியில் புரண்டு படுத்துக்கொள்ளும். கோணல் என்பதாலேயே அது போலி ஆகிவிடாது. ஆனால் அதே அளவும் பளபளப்பும் உள்ள உருண்டை முத்தின் விலையை இதற்கும் கடைக்காரர் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கலைக்கு இச்சொல் வசையாகவே வந்து சேர்ந்தது. தத்துவஞானி ரூசோ 1768இல் வெளியிட்ட இசை அகராதியில், சுர இசைவு குழம்பி முரணொலிகள் மலிந்த இசையையே பரோக் என்று விளக்கியிருந்தார். வசை மெல்லக் காலப்பெயராக மாறியதில், 1888இல் இது குறித்து நூல் எழுதிய சுவிஸ் கலை வரலாற்றறிஞர் ஹைன்ரிச் வுல்ஃப்லினுக்குப் பெரும்பங்கு உண்டு. இன்று ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையிலான ஐரோப்பியக் கலையையும் இசையையும் அது குறிக்கிறது. பாக் மறைந்ததும் 1750இல்தான். எனவே உங்கள் மகன் சொல்வது சரி.

அலங்காரம் மிகுந்தாலே பரோக் என்று பலர் எண்ணுகிறார்கள். எனக்கு அது போதாது. கிரேக்கப் புராணத்தில் அப்போலோ என்னும் தேவன் துரத்த, தாஃப்னி என்னும் பெண் மரமாகிவிடுகிறாள். ரோமில் சிற்பி பெர்னினி 1622–25இல் செதுக்கிய அப்போலோ–தாஃப்னி சிலையில், துரத்தி வந்தவனின் கை இடையில் படும் அந்தக் கணத்திலேயே அப்பெண்ணின் விரல் நுனிகள் இலைகளாகத் தளிர்க்கின்றன. ஓட்டத்தின் நடுவில் பளிங்கைப் பிடித்து நிறுத்திய அந்தத் துடிப்பே பரோக். மண்டபத்துச் சோபாவில் கிளிஞ்சல் வடிவங்களும் நெளிவுகளும் இருந்தால், அது பெரும்பாலும் பின்னர் பிரான்சில் தோன்றிய ரொகோகோ பாணியின் நகல். அப்பெயரும் கிளிஞ்சல், கூழாங்கல் பதிக்கும் வேலைப்பாட்டைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததுதான். முத்தை விட்டார்களே தவிரக் கடலை விடவில்லை.

கேள்வி: ஓர் ஆங்கிலக் கட்டுரையில் அரசு அலுவலக நடைமுறையைப் பரோக் என்று எழுதியிருந்தார்கள். தமிழில் எப்படிச் சொல்லலாம்?
— ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: ‘தேவையின்றிச் சிக்கலானது’ என்ற பொருளில் எழுதியிருக்கிறார்கள். அங்கே அச்சொல் வேண்டியதே இல்லை. ஒரு சான்றிதழுக்கு ஐந்து மேசை ஏற வைப்பதைத் ‘தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது’ என்று நாம் எப்போதோ சொல்லிவிட்டோம். கலைக் காலத்தையும் முத்தையும் சொல்லும்போது மட்டும் ‘பரோக்’ என்றே எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் சில காலம் வாழ்ந்த முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் மேற்கத்திய மெட்டுகளில் அமைந்தவை ஆயிற்றே, அவற்றைப் பரோக் எனலாமா?
— ஒரு வாசகர், மணலி

பதில்: தீட்சிதர் 1775இல் பிறந்தார்; அதற்குள் பரோக் காலம் முடிந்திருந்தது. இருந்தும் உங்கள் கேள்வியைத் தள்ள முடியவில்லை. அவர் எடுத்தாண்ட மெட்டுகளில் ஒன்றான இங்கிலாந்து அரச வாழ்த்து 1740களிலேயே அச்சேறிவிட்டது. காலக் கணக்கில் அது எல்லைக்குள் வந்துவிடும். பாணியில் வராது: குழந்தைகளும் ஒருமுறை கேட்டுப் பாடக்கூடிய, நேராக அடியெடுத்து நடக்கும் மெட்டு அது.