பணம் கட்டி இறக்கிய எடை ஏன் திரும்பி வந்தது?

வாசகர் கேள்வி பதில்: உடல்நலம்

கேள்வி: எனக்கு 43 வயது. செம்பனை ஆலையில் லாரிகளை எடைபோடும் பகுதியில் குமாஸ்தாவாக வேலை செய்கிறேன். உடல் மெலியும் திட்டம் ஒன்றில் மாதம் 380 வெள்ளி கட்டிச் சேர்ந்து, காலையும் இரவும் அவர்கள் கொடுத்த பானத்தை மட்டும் குடித்து, 79 கிலோவிலிருந்து 68 கிலோவுக்கு இறங்கினேன். மகள் கல்லூரியில் சேர்ந்ததும் செலவு தாங்காமல் நிறுத்திவிட்டேன். முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ ஏறியது; ஒன்றரை ஆண்டில் 82 கிலோ ஆகிவிட்டது. “வாயைக் கட்டாததால்தான் ஏறியது, மறுபடியும் சேருங்கள்” என்கிறார் முகவர். “உன் உடல்வாகு அப்படி, விட்டுவிடு” என்கிறார் கணவர். மீண்டும் பணம் கட்டலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஊத்தான் மெலிந்தாங்

பதில்: சகோதரிக்கு வணக்கம். அதே திட்டத்தில், அதே முறையில் மீண்டும் சேர வேண்டாம் என்பதே என் கருத்து. முகவர் சொல்லும் காரணத்தையும் கணவர் சொல்லும் காரணத்தையும் நான் ஏற்கவில்லை.

முதலில், உங்களை நிலைகுலைய வைத்த அந்த இரண்டு கிலோவைப் பார்ப்போம். நாம் உண்ணும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடல் கிளைக்கோஜனாக மாற்றிக் கல்லீரலிலும் தசையிலும் சேமிக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. பானத்தில் நாளை ஓட்டியபோது காலியான அந்தச் சேமிப்பு, மீண்டும் சோறு சாப்பிட்டவுடன் நீரோடு நிரம்பியது. ஒரே வாரத்தில் இரண்டு கிலோ கொழுப்புச் சேர வேண்டுமானால் தேவைக்கு மேல் சுமார் 15,000 கலோரி உண்டிருக்க வேண்டும். அது நடக்கிற காரியமில்லை. மழையில் நனைந்த குலைகளை ஏற்றி வரும் லாரி எவ்வளவு கூடுதலாகக் காட்டும் என்பதை நாள்தோறும் பார்க்கும் உங்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

அதற்குப் பிறகு ஏறியது உண்மையான எடைதான். ஆனால் அதற்கு வாய்க்கட்டுப்பாட்டை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. 2011இல் வெளியான மெல்பர்ன் ஆய்வு ஒன்றில், பருமனாக இருந்த 50 பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்தார்கள். எடை குறைந்து ஓராண்டு கடந்த பிறகும், பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அவர்களிடம் கூடுதலாகவும், போதும் என்று உணர்த்தும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைவாகவும் இருந்தன. தொடங்கும் முன் இருந்ததைவிட அதிகமாகப் பசித்ததாக அவர்களே கூறினார்கள். போதாக்குறைக்கு, 68 கிலோ உடல் 79 கிலோ உடலைவிடக் குறைவாகவே சக்தியைச் செலவழிக்கும். வேகமாக இளைக்கும்போது தசையும் கரைவதால் அது இன்னும் குறையும். ஆக, பசி கூடி, தேவை குறைந்திருந்த நேரத்தில், எந்தப் பயிற்சியும் இல்லாமல் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியிருக்கிறீர்கள்.

திட்டத்தில் நல்லதே இல்லையா என்றால், உண்டு. வாரந்தோறும் எடை பார்த்ததும், “எப்படிப் போகிறது?” என்று ஒருவர் கேட்டதும் உங்களுக்கு உண்மையாகவே உதவியிருக்கும். அமெரிக்காவில் 1994 முதல் நடந்துவரும் ஒரு பதிவேட்டில், குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டாவது தக்கவைத்தவர்களைச் சேர்க்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வாரம் ஒருமுறையாவது எடை பார்ப்பவர்கள். இதற்கு 380 வெள்ளி தேவையில்லை. திங்கட்கிழமை பசியாறுவதற்கு முன் எடை பார்த்து ஒரு நோட்டில் குறித்து, மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். ஆனால் ஆலைக் கேன்டீனில் என்ன வாங்குவது, கோயில் திருவிழா அன்னதானத்தில் எவ்வளவு போடச் சொல்வது என்பதைப் பானம் கற்றுத்தரவில்லை. கற்றுக்கொண்டவர் மறுபடியும் வாங்க வரமாட்டார் என்பதும் விற்பவருக்குத் தெரியாததன்று. முகவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “பானத்தை நிறுத்திய மறுநாள் நான் பசியாற என்ன சாப்பிடுவது?” தெளிவான பதில் வராவிட்டால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

68ஐ இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நான்கு கிலோ, அதாவது உங்கள் எடையில் ஐந்து விழுக்காடு குறைந்தாலே இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் பலன் தெரியத் தொடங்கும். பசியாறலில் இருந்து தொடங்குங்கள். ஒரு ரொட்டி சானாய் ஏறத்தாழ 300 கலோரி. இரண்டு ரொட்டியும், டின் பால் தாராளமாக ஊற்றிய தே தாரேயும் சேர்ந்தால் ஒரு முழுச் சாப்பாட்டின் கணக்கு வந்துவிடும். ஒரு ரொட்டி, கூடவே பருப்புக் கறியோ அவித்த முட்டையோ, குடிக்கத் தே ஓ கோசோங் என்று மாற்றிப் பாருங்கள். இனிப்பில்லாத தேநீர் முதல் இரண்டு வாரம் கசக்கத்தான் செய்யும். மதியத்துக்குச் சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செபாரோ’ நம் சாப்பாட்டுக்கு நன்றாகவே பொருந்தும்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, பாதித் தட்டுக் காய்கறியும் பழமும். இழந்த தசையை மீட்க, நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவதைத் தினமும் செய்யுங்கள்.

கணவருக்கு ஒரு வார்த்தை: உடல்வாகில் பரம்பரைக்குப் பங்கு உண்டு, ஆனால் இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டிய பெண் சர்க்கரையைப் பரிசோதிக்காமல் இருக்கக் கூடாது. அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கலாம். உணவியல் அதிகாரி எல்லாக் கிளினிக்கிலும் இருப்பதில்லை. அவரிடம் அனுப்பும்படி மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு இனிப்பு நீர் உண்டு, கிளிக்லசைடு மாத்திரை சாப்பிடுகிறேன். எடை மீண்டும் ஏறியதால் இரண்டாவது முறையாகப் பானத் திட்டத்தில் சேர்ந்துள்ளேன். மாத்திரையை நிறுத்தலாமா?
– வாசகர், பாகான் செராய்

பதில்: நீங்களாக நிறுத்தவும் கூடாது, சாப்பாட்டைப் பாதியாக்கிவிட்டு அதே அளவு மாத்திரையைத் தொடர்வதும் ஆபத்து. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கிளிக்லசைடு இன்சுலினைச் சுரக்க வைக்கும். அதனால் சர்க்கரை திடீரென்று இறங்கி வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வரலாம். அப்படி வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துச் சர்க்கரையைச் சோதியுங்கள். மருத்துவரைப் பார்க்கும்வரை வேளாவேளைக்கு வழக்கமான சாப்பாட்டையே சாப்பிடுங்கள். போகும்போது மாத்திரை அட்டையோடு பான டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள்.