கேஸ் மாத்திரையும் கை நடுக்கமும்

நீங்கள் ஏழு கேள்விகள் கேட்டிருந்தாலும் அவற்றுக்குள் இருக்கும் அச்சம் ஒன்றே: இருபது ஆண்டு மலச்சிக்கல் குடலிலிருந்து மூளைக்கு ஏறி, கை நடுக்கத்தைத் தரும் பார்க்கின்சன் நோயாகிவிட்டதோ என்பது. அதற்கு வருமுன், கடிதத்தின் இறுதியில் நீங்கள் போகிற போக்கில் எழுதியுள்ள ஒரு செய்தியை எடுத்துக்கொள்கிறேன். வயிற்று உப்புசத்துக்காக ஒரு மருத்துவர் பதினைந்து நாளுக்கு எழுதித் தந்த கேப்ஸ்யூலை, அதே பழைய சீட்டைக் காட்டி வாங்கி, எட்டு மாதங்களாகத் தினமும் வெறும் வயிற்றில் விழுங்கி வருகிறீர்கள். கை நடுக்கம் தொடங்கி இரண்டு மாதங்களாகின்றன.

அட்டையில் இருப்பதாக நீங்கள் எழுதியுள்ள பெயர்கள் இரண்டு: ரபிபிரசோல், லெவோசல்பிரைடு 75 மி.கி. முன்னது அமிலச் சுரப்பைக் குறைப்பது. உங்கள் நடுக்கத்துக்கு அது காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பின்னதுதான் என் கவலை. இரைப்பையின் அசைவை அடக்கிவைக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளை அது தடுப்பதால், உணவு விரைவாகக் கீழிறங்கி உப்புசம் தணிகிறது. ஆனால் மூளையில் நம் கைகால் அசைவைச் சீராக வைத்திருப்பதும் அதே டோபமைன்தான். லெவோசல்பிரைடு அங்கும் நுழைந்து அதன் வேலையைத் தடுக்கும்போது, பார்க்கின்சன் நோயைப் போலவே நடுக்கமும் விறைப்பும் நடைத் தளர்ச்சியும் வருகின்றன. இம்மருந்தால் அசைவுக் கோளாறு ஏற்பட்ட 91 பேரைப் பற்றிக் கொரிய மருத்துவர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், மிகப் பெரும்பாலோருக்கு வந்திருந்தது இத்தகைய பார்க்கின்சன் நிலைதான். மருந்தை நிறுத்திய பின்னும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது முழுமையாக நீங்கவில்லை. வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. அதை மூன்று மாதங்களுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதே 2009-ல் கடும் எச்சரிக்கை விடுத்தது. அப்படிப்பட்ட ஒரு மருந்து நம் ஊரில் மிட்டாயைப் போலக் கைமாறுவதைக் காணும்போது எனக்கு ஆற்றாமை மிகுகிறது.

ஆகவே, அந்தக் கேப்ஸ்யூலை இன்றே நிறுத்துங்கள். வயிற்றுக்காக மட்டும் எடுத்துக்கொள்பவர் அதை நிறுத்துவதால் ஆபத்து இல்லை. சில நாட்களோ வாரங்களோ நெஞ்செரிச்சல் கூடலாம், அவ்வளவே. (மனநலச் சிகிச்சைக்காக இம்மருந்தைப் பெறுவோர் தாமாக நிறுத்தலாகாது.) இந்த வாரத்துக்குள் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், தலைச்சுற்றலுக்கான சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃபுளூனரிசின் போன்றவையும் இதே விளைவைத் தரக்கூடும் என்பதால், வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். மருந்தால் வரும் நடுக்கம் பெரும்பாலும் இரு கைகளிலும் ஒன்றாகத் தொடங்கும். பார்க்கின்சன் நோய் பொதுவாக ஒரு பக்கத்தில் தொடங்கும். இரு கைகளும் நடுங்குவதாக நீங்கள் எழுதியிருப்பது நல்ல அறிகுறிதான் என்றாலும், அதை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. மருந்து உடலைவிட்டு நீங்கி, நடுக்கம் அடங்குவதற்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம். அதன் பிறகும் தொடர்ந்தால், மறைந்திருந்த நோயை மருந்து வெளிக்கொணர்ந்ததா என்று நரம்பியல் மருத்துவர் ஆராய்வார்.

இனி, பார்க்கின்சன் நோய் குடலில் தொடங்குகிறது என்று நீங்கள் இணையத்தில் படித்தது. அது முற்றிலும் கட்டுக்கதை அன்று. பார்க்கின்சன் நோயில் மூளையில் படியும் புரதம் குடல் நரம்புகளில் தொடங்கி, குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியே மேலேறக்கூடும் என்ற கருதுகோளை ஜெர்மானிய அறிஞர் ஹைகோ பிராக் 2003-ல் முன்வைத்தார். அதற்கு முன்பே, ஹவாயின் ஹொனலுலுவில் 6,790 ஆண்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, நாள்தோறும் மலம் கழிக்காதவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு நாளுக்கு ஒருமுறை கழிப்பவர்களைவிட 2.7 மடங்கு எனக் கண்டது. இந்த ‘2.7 மடங்கு’ மட்டும்தான் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. அந்த 6,790 பேரில் மொத்தம் எத்தனை பேருக்கு நோய் வந்தது தெரியுமா? 96 பேருக்கு. மலச்சிக்கல் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் பார்க்கின்சன் நோயைக் காணாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள்.

பிறர் மலத்திலுள்ள நுண்ணுயிர்களைக் குடலில் செலுத்தும் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். 2024-ல் வெளியான இரு சோதனைகளில், பெல்ஜியத்தின் கென்ட் நகரில் நடந்தது சிறிதளவு முன்னேற்றத்தைக் காட்டியது. ஃபின்லாந்தில் நடந்தது பயனேதும் காட்டவில்லை. ஒவ்வொன்றிலும் பங்கேற்றவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. நோய் உறுதியானவர்களுக்கே இன்னும் சோதனைக் கட்டத்தில் இருப்பதை, நோயே உறுதியாகாத நீங்கள் தேடி அலைய வேண்டாம். நல்ல நுண்ணுயிர்கள் அடங்கிய புரோபயாட்டிக் பொடிக்குச் செலவிடும் பணத்தில் இசப்கோல் வாங்கி, நிறையத் தண்ணீருடன் குடியுங்கள். உங்கள் மலச்சிக்கலுக்கு அது உதவும். நீங்கள் கேட்டுள்ள கண்ணிமை துடிப்பதும் வயிறு இரைவதும் எவருக்கும் வருபவை, விட்டுவிடுங்கள்.

உங்கள் மனைவியும் அதே அட்டையிலிருந்து அவ்வப்போது ஒன்று எடுத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். கை நடுங்காவிட்டாலும் அவரும் நிறுத்தட்டும். மார்பில் வலியோ பால் போன்ற கசிவோ இருந்தால், அதுவும் இம்மருந்தால் வரக்கூடியதே என்பதால், வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.